உளி எல்லாப் பிள்ளைக்கும் பொது
(இராமநாதபுரம் கடற்கரையில் சிறுவர்களுக்கான பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இந்தப் பந்தலில் மேஜை போட்டுப் பிள்ளைகள் கையில் சுத்தியலையும் உப்புத்தாளையும் கொடுத்திருப்பதைப் பார்த்து, "இது பொதுக்கூட்டமா, தச்சுப்பட்டறையா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லுவதே இன்று என் வேலை.

நம் நாட்டில் கைத்தொழில் என்றாலே ஜாதி வந்து குறுக்கே நிற்கிறது. தச்சர் மகனுக்கு உளியைத் தவிர வேறு கதியில்லை. மற்றவர் மகன் உளியைத் தொட்டால் கௌரவக் குறைவு. 1953-இல் இராஜாஜி மந்திரிசபை, கிராமத்து ஆரம்பப் பள்ளிப் படிப்பைத் தினம் மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானபின் அது கைவிடப்பட்டது.

அப்படி எதிர்த்தவர்கள் இன்று தச்சுவேலை காட்டலாமா என்றால், அன்று எதிர்த்தது உளியையா? இன்னாருக்குப் பிறந்தவனுக்கு இன்ன வேலை என்பதையல்லவா! இங்கோ மீன்பிடிப்பவர் மகளும், தச்சர் மகனும், வக்கீல் மகனும் ஒரே மேஜையில் நிற்கிறார்கள். யாருடைய படிப்பிலும் ஒரு நிமிஷம் குறையவில்லை. பின்லாந்து தேசத்தில் 1866-லேயே கிராமப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கினார்கள். எல்லாரையும் தச்சராக்குவதற்கல்ல, கண்ணும் கையும் அறிவும் சேர்ந்து பழகுவதற்காக.

இந்தக் கரையையே பாருங்கள். அப்துல் கலாம் ஆறு வயதுப் பிள்ளையாயிருந்தபோது, தகப்பனார் இராமேஸ்வரம் கடற்கரையில் மரப்படகு கட்டினார். அது உருவாவதைப் பார்த்து நின்றதைக் கலாமே எழுதியிருக்கிறார். அதற்காக அவர் படகோடுதான் இருக்கவேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. ராக்கெட் செய்யப் போனார். பார்த்து நின்றதே ஒரு பிள்ளையின் மனதில் அவ்வளவு பதியுமானால், தொட்டுச் செய்தால் எவ்வளவு பதியும்!

மரம் யார் பேச்சையும் நம்பாது. பெரியவர் சொன்னாரென்று கோணல் சட்டம் நேராகாது. மூலைமட்டம் வைத்தால் குட்டு வெளிப்படும். ஓரத்தில் ஆணி அடித்தால் பலகை பிளக்கும். முதலில் துளையிட்டு அடித்தால் பிளக்காது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். செய்த சிறு வள்ளம் தண்ணீரில் சாய்ந்தால், பாய்மரத்தைக் குட்டையாக்க நிமிரும். இதற்கு மந்திரம் வேண்டுமா, சாஸ்திரம் வேண்டுமா?

ஆகவே ஒவ்வொரு ஊர்க் கூட்டத்திலும் இப்படியொரு மேஜை போடுங்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு உப்புத்தாள் போதும். சற்று வளர்ந்தால் சுத்தியலும் ஆணியும். ரம்பம் பிடிக்கும்போது பலகையை இறுகக் கட்டி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். பெண்பிள்ளைகளை வரிசையில் பின்னுக்குத் தள்ளாதீர்கள். முக்கியமாக, கற்றுக்கொடுக்கும் தச்சுத் தொழிலாளிக்கு அன்றைய கூலியையும், மேடையில் ஒரு நாற்காலியையும் கொடுங்கள். அவரைக் கீழே நிறுத்திவிட்டுத் தொழிலின் பெருமையைப் பேசினால் எந்தப் பிள்ளை நம்பும் என்று கேட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.