பணம் வேகுமா பானையில்?
(கோட்டுச்சேரிமேடு தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



நெல் விளையுற ஊரில் நின்னுக்கிட்டு நாம் சோத்துக்காகப் பேசுறோம். இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல.

2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஏழைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை என்றது. 2015 செப்டம்பரில் நம் புதுச்சேரிப் பிரதேசத்தைச் சோதனைக் களமாக்கி, தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். பிறகு மாநில அரசின் இலவச அரிசிக்கும் அதே கதி. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம் என்றார், நாராயணசாமி அமைச்சரவை அரிசி என்றது. வழக்கு வரை போனது. அவர்கள் இழுத்த இழுப்பில் ரேஷன் கடைக்குப் பூட்டு.

பணம் வந்தா என்ன ஆகும்? உரக்கடை பாக்கி இருக்கு, மருந்துச் செலவு இருக்கு, பிள்ளைக்கு நோட்டு வாங்கணும். எதையும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கடையில் அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழுற பணம் கூடவே ஏறாது. அரிசி வாங்காமல் முடியுமா? அதனால் பருப்பைக் குறைப்போம், முட்டையை நிறுத்துவோம், மீன் வாரத்துக்கு ஒருநாள் ஆகும். எல்லாருக்கும் போட்டுட்டு, மிச்ச ரசத்தில் பிசைஞ்சு சாப்பிடுறது யார்? இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள்தான்.

எல்லை தாண்டினால் பொறையாறு. அங்கே 2011 முதல் கடையில் அரிசி இலவசம். 2007 முதலே துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலைக்கு. ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே சம்பா, சட்டியில் மட்டும் வித்தியாசம்!

2024 தீபாவளிக்கு முன் நம் கடைகள் மறுபடி திறந்தன. மக்கள் விடாமல் கேட்டதால் திறந்தன. ஆனால் வெறும் அரிசி வயித்தை நிரப்பும், ரத்தத்தில் ஏறாது.

பருப்புக்கு எங்கே போவது? நம் வயலுக்குத்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிறோம். கடனுக்காகக் களத்திலேயே வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுட்டு, அதே பயிறைக் கடையில் கூட விலைக்கு வாங்குறோம்! அரசு நேரடியாக நம்மிடம் கொள்முதல் செய்து நம் ரேஷன் கடையிலேயே போடட்டும். அரிசியோடு பருப்பும் எண்ணெயும் மாதந்தவறாமல் வேண்டும். பொருளாக வேண்டும், பணமாக அல்ல.

சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை பேதமில்லாமல் அட்டை நகலோடு வாங்க. மனுவில் வீட்டுப் பெண்கள் முதல் கையெழுத்துப் போடணும். அடுப்புக் கணக்கு அவங்களுக்குத்தான் தெரியும்.