மையும் நீரும் மனிதரும்

இவர் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, எனக்குத் தெரிந்தது மையில் மனிதரை வரைவது ஒன்றுதான். அதையே பேசிவிட்டுப் போகிறேன்.

1943, வங்கப் பஞ்சம். சோறு தேடி வந்த கிராமத்து ஜனங்கள் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து செத்தார்கள். அங்கே அரசு ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜைனுல் ஆபெதினுக்கு அப்போது வயது 28. மலிவான பொட்டலக் காகிதம், கறுப்பு மை, பிரஷ். அந்த ஜனங்களை வரைய அவர் போட்ட முதலீடு அவ்வளவுதான். அந்தப் படங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மை பாதி காய்ந்த பிரஷை இழுத்தால் கோடு முழுசாக விழாது; காகிதத்தின் சொரசொரப்பில் விட்டு விட்டுப் போகும். எலும்பையும் தோலையும் அந்த விடுபடலே சொல்லிவிடுகிறது. பின்னணி அநேகமாக வெறும் தாள். ஒரு குப்பைத்தொட்டி, இரண்டு காக்கை, அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர்? 1945-ல் அரசு விசாரணைக் குழு சுமார் 15 லட்சம் என்றது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் போட்ட கணக்கு 30 லட்சத்தை ஒட்டி வருகிறது. வித்தியாசமே 15 லட்சம் உயிர்! கணக்கில் ஆளைக் கழிக்கலாம். ஆபெதின் வரைந்துவைத்த தாயையும் பிள்ளையையும் எந்தக் குழுவும் கழிக்க முடியாது.

போய்விட்ட ஆளைத் தாளில் நிறுத்துவது என்றதும், ஆளை உட்காரவைத்து வரையும் எங்கள் லைஃப் கிளாஸ் ஞாபகம் வருகிறது. மாடலாக உட்காரும் பெரியவர் டீ குடிக்க எழுந்து போனதும் வாத்தியார், "இப்ப வரைங்கடா" என்பார். காலி ஸ்டூலைப் பார்த்து முழிப்போம். பென்சில் கூடாது. உடம்பின் பாரம் எங்கே இறங்கியிருந்தது என்று யோசித்து, நீர் கலந்த மையில் வெளிர் பூச்சு. அது காய்வதற்குள் கோடு. ஒருநாள் பெரியவர் திரும்பி வந்து, என் நண்பன் தாளைக் காட்டி, "என் முட்டிவலியக்கூடப் போட்டுட்டானே!" என்றார். நான் கேட்ட விமர்சனங்களிலேயே சிறந்தது அது. என் படத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அது வேறு கதை.

ஆபெதினுக்கே திரும்புவோம். 1948-ல் டாக்காவில் ஓவியக் கல்லூரி நிறுவியவர் அவர். வேண்டிய வண்ணம் வாங்கும் நிலைக்கு வந்த பிறகும், 1970 நவம்பர் புயலில் மன்புரா தீவில் செத்தவர்களை வரையக் கறுப்பு மையைத்தான் நாடினார். ஆகவே கேன்வாஸ் வாங்கக் காசில்லை, கேலரி கிடைக்கவில்லை என்று யாரும் என்னிடம் வராதீர்கள். பஸ் ஸ்டாண்டில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மை புட்டி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.