பல அடுக்கு வணிகமும் நமது ஜமாஅத்தும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதலையும் பெற்றுவிட்டன. அவற்றில் இடம்பெறாத ஒரு கணக்கை இப்போது உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம் வீடுகளிலிருந்து கடந்த சில ஆண்டுகளாகச் சத்தமின்றி வெளியேறிக்கொண்டிருக்கும் பணத்தைப் பற்றிய கணக்கு அது. அதில் நிர்வாகக் குழுவாகிய நம்முடைய தவறும் கலந்திருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சுயதொழில் கருத்தரங்கு" என்று கூறி ஒரு நிறுவனத்தார் நமது ஷாதி மஹாலை வாடகைக்குக் கேட்டார்கள். என்ன தொழில், யார் நடத்துகிறார்கள் என்று விசாரிக்காமலேயே வாடகையைப் பெற்றுக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டோம். அன்று அங்கு நடந்தது ஆள் சேர்க்கும் கூட்டம். சத்து மாவும் சோப்பும் மாத்திரைகளும் அடங்கிய பெட்டியைப் பல்லாயிரம் ரூபாய்க்கு வாங்கி உறுப்பினராக வேண்டும். பின்னர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும். அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் மாதந்தோறும் வருமானம் வீடு தேடி வரும் என்று சொல்லப்பட்டது.

சென்ற ஆண்டு பைத்துல்மாலில் உதவி கேட்டு வந்த மனுக்களில் ஒன்று அந்த நாளோடு தொடர்புடையது. மனுச் செய்த சகோதரியின் கணவர் வளைகுடா நாட்டில் குறைந்த சம்பளத்தில் இருக்கிறார். கையில் கிடந்த இரண்டு வளையல்களை அடகு வைத்து அந்தச் சகோதரி பெட்டி வாங்கியிருக்கிறார். தம் நாத்தனாரையும் மாமி மகளையும் சேர்த்துவிட்டிருக்கிறார். அதற்கு மேல் ஆள் கிடைக்கவில்லை. பெட்டியில் பாதி அலமாரியிலேயே காலாவதியாயிற்று. வளையல் மீளவில்லை, நாத்தனாரோ இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "எப்படியம்மா நம்பினீர்கள்?" என்று கேட்டோம். "நம்ம ஜமாஅத் மண்டபத்தில்தானே கூட்டம் நடந்தது, தப்பாக இருக்காது என்று நினைத்தேன்" என்றார். அந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றிலிருந்துதான் இத்தொழிலைப் பற்றி முறையாக விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்து அறிந்ததை இங்கே சொல்கிறோம்.

அன்பர்களே! நாம் வணிகத்தை வெறுப்பவர்கள் அல்லர். நம் முன்னோர்கள் துணி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள். வீடு வீடாகச் சென்று பொருள் விற்பது கண்ணியமான தொழில். ஆனால் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், தம்மிடம் அரிசி வாங்க வருபவரைப் பார்த்து, "நீயும் பக்கத்திலேயே ஒரு கடை போடு, ஆறு பேரையும் கடை போடச் சொல்" என்று கூறுவதில்லை. கூறினால் அந்தத் தெருவில் கடைகள் மட்டுமே இருக்கும், வாங்குவோர் இருக்கமாட்டார்கள். பல அடுக்கு வணிகம் என்றும், நெட்வொர்க் மார்க்கெட்டிங் என்றும், செயின் பிசினஸ் என்றும் பல பெயர்களில் வழங்கும் இத்தொழிலின் அடிப்படைக் கோளாறு இதுதான். வாங்குபவரையே விற்பவராக மாற்றி மாற்றி, இறுதியில் வாங்க ஆளில்லாமல் நின்றுவிடுகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதல்வர் ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார். அவர்கள் 36 பேரைச் சேர்க்கிறார்கள். மூன்றாம் அடுக்கில் 216 பேர். இதுவரை முதல்வர் நீங்கலாக 258 பேர் ஆயிற்று. நமது ஜமாஅத்தில் சுமார் நானூறு தலைக்கட்டுகள் உள்ளன. நான்காம் அடுக்கிற்குத் தேவைப்படுவதோ 1,296 பேர். ஆகவே வீட்டுக்கு ஒருவர் வீதம் சேர்ந்தாலும் நான்காம் அடுக்கிலேயே நம் ஊர் தீர்ந்துவிடுகிறது. மூன்றாம் அடுக்கில் நிற்கும் 216 பேரில் பெரும்பாலோர் எவ்வளவு ஓடினாலும் சேர்ப்பதற்கு ஆள் கிடைக்காது.

"வெளியூரில் சேர்க்கலாமே" என்பார்கள். சேர்த்துக்கொண்டே போகலாம். பத்தாம் அடுக்கில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். பத்து அடுக்குகளையும் கூட்டினால் 7,25,59,410 பேர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைச் சேர்த்தாலும் பத்தாம் அடுக்கு நிரம்பாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இக்கணக்கில் உண்டு. சங்கிலி எந்த அடுக்கில் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கினர் கடைசி அடுக்கிலேயே இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. "ஆறு வேண்டாம், வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர் போதும்" என்று சொல்லும் திட்டத்திலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கீழே ஆள் இராது. இன்னும் கால் பங்கினருக்குக் கீழே இருவர் மட்டுமே இருப்பார்கள். எனவே பெரும்பாலோர் நஷ்டமடைவது திட்டம் தவறிப்போனதால் நிகழ்வதன்று. திட்டம் சரியாக நடந்தாலும் அதுவே முடிவு. மேலே இருப்பவருக்குக் கிடைக்கும் பணம், கீழே சேர்ந்தவர்கள் செலுத்திய பணமே.

இது ஏட்டுக் கணக்கு என்று சிலர் கருதலாம். ஆகவே நடைமுறையையும் பார்ப்போம். இவ்வணிகம் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அந்நாட்டு அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய நிறுவனங்கள் தாமே வெளியிட்ட 70 வருமான விவரப் பத்திரங்களை அது ஆராய்ந்தது. பெரும்பான்மையான நிறுவனங்களில், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெற்றது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அதாவது மாதத்திற்கு 84 டாலருக்கும் கீழே. இது செலவைக் கழிப்பதற்கு முந்தைய தொகை. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோர் ஒரு காசும் பெறவில்லை. அதற்கு முன் 2016இல் ஹெர்பாலைஃப் நிறுவனம் அதே ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 20 கோடி டாலர் செலுத்த இசைந்தது. 2017இல் அத்தொகையிலிருந்து, அவ்வணிகத்தில் பணம் இழந்த ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேருக்குக் காசோலைகள் அனுப்பப்பட்டன.

அடுத்து, பொருளின் விலையைக் கவனியுங்கள். ஒரு பெட்டி விற்றால் மேலே உள்ள பல அடுக்கினருக்கும் பங்கு போக வேண்டும். அந்தப் பங்கெல்லாம் பொருளின் விலையில்தான் ஏற்றப்படுகிறது. அதனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளைப் போன்ற ஒன்றையே பல மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஒருவர் அந்த விலைக்கு ஏன் வாங்கப்போகிறார்? ஆகவே விற்பனை உறுப்பினர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. மாதந்தோறும் இத்தனை பாயின்ட் எடுத்தால்தான் கமிஷன் என்ற நிபந்தனையால், விற்காத பொருளையும் உறுப்பினரே வாங்கி அடுக்குகிறார்.

மூன்றாவது, எவரும் எழுதி வைக்காத செலவு. பெட்ரோல், பஸ் கட்டணம், தொலைபேசி, பயிற்சி முகாம் கட்டணம், வெளியூர்க் கூட்டத்திற்கு அறை வாடகை, விருந்தினருக்குத் தேநீர் என்று அது நீளும். "இந்த மாதம் நாலாயிரம் வந்தது" என்று காசோலையைக் காட்டும் தம்பி, அதைப் பெற ஆறாயிரம் செலவழித்ததை நோட்டில் எழுதியிருக்கமாட்டார். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை நாம் கடையில் வைத்துக்கொள்வோமா?

நான்காவதாகச் சொல்ல வேண்டியது, இழந்தவர் வாய் திறவாமல் இருப்பதைப் பற்றி. மேடையில் கோட்டு அணிந்து ஏறுபவர் வென்ற ஒருவர். விலகிப்போன நூறு பேருக்கு மேடை கிடையாது. தோற்றவரிடம், "தொழிலில் குறையில்லை, உங்கள் உழைப்பில்தான் குறை" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் அதை நம்பி, வெட்கத்தால் மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனத்தின் மேல்தான் அடுத்த கூட்டம் நடக்கிறது. அப்படி இழந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறோம்: நீங்கள் சோம்பேறிகள் அல்லர். பத்துப் பேர் உட்கார ஒரே நாற்காலி போட்டுவிட்டு, நின்றவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கூட்டத்தில் சேர்ந்தவுடன் முதலில் செய்யச் சொல்வது, தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதுவது. மச்சான், சாச்சா, மாமி, அண்டை வீட்டார், உடன் படித்தவர், தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர் என்று அப்பட்டியல் நிரம்புகிறது. இந்த உறவுகளைச் சேர்க்க நமக்குப் பல தலைமுறைகள் ஆயின. ஒரு நிறுவனம் அவற்றை இலவச முதலீடாக எடுத்துக்கொள்கிறது. நஷ்டம் வந்தபின் நிறுவனத்தார் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். சேர்த்துவிட்ட மச்சானும் சேர்ந்த மச்சானும் இதே தெருவில், இதே பள்ளிவாசலில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஜமாஅத் விசாரணைக்கு வந்த ஒரு வழக்கில், "நான் சோப்பை நம்பி வாங்கவில்லை, மச்சான் முகத்தை நம்பி வாங்கினேன்" என்று ஒரு சகோதரர் சொன்னார். அந்த நம்பிக்கைக்கு எந்த நிறுவனமும் நஷ்டஈடு தராது.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆள் சேர்ப்பதை அடிப்படையாகக் கொண்டு எளிதில் பணம் ஈட்டித் தருவதாகச் சொல்லும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்துள்ளது. நடத்துபவர் மட்டுமன்றி, அத்தகைய திட்டத்தில் பிறரை உறுப்பினராகச் சேர்ப்பதும் அச்சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை நெறிமுறைகள், சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும், ஆள் சேர்த்ததற்காக ஊதியம் தரக் கூடாது என்றும் கூறின. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வெளியான விதிகள், நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிடு திட்டமோ பணச் சுழற்சித் திட்டமோ நடத்துவதைத் தடுத்துள்ளன. நேரடி விற்பனை எல்லாமே சட்டவிரோதம் என்பது இதன் பொருளன்று. ஆனால் "அரசுப் பதிவு பெற்றது" என்று ஒருவர் சான்றிதழைக் காட்டினால், அதனால் லாபம் உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, அதன் வணிகம் உங்களுக்கு வருமானம் தரும் என்பது வேறு.

எனவே யாராவது உங்களை அணுகினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: ஆள் ஒருவரைக்கூடச் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் குடும்பம் நடத்த வருமானம் கிடைக்குமா? இரண்டாவது: உறுப்பினர் அல்லாதவர் இதே விலைக்கு மனமுவந்து வாங்குவாரா? மூன்றாவது: அழைக்க வந்த நீங்கள், உங்கள் ஓராண்டு வரவையும் செலவையும் வங்கிப் புத்தகத்தோடு காட்டுவீர்களா? மூன்றுக்கும் தெளிவான விடை வராவிட்டால், தேநீர் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவரையோ மகனையோ கலந்துகொள்ளாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்று தாய்மார்களைச் சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, நிர்வாகக் குழு எடுத்துள்ள முடிவுகளைத் தெரிவிக்கிறோம். இனி நமது ஷாதி மஹால் இத்தகைய கூட்டங்களுக்கு வாடகைக்கு விடப்படாது. ஜும்ஆவிற்குப் பின் செய்யும் அறிவிப்பிலோ ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவிலோ இவற்றுக்கு இடமில்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் எவரும் இத்தகைய திட்டத்தில் ஆள் சேர்க்கக் கூடாது. அன்று நாம் வாங்கிய மண்டப வாடகைக்கு ஈடான தொகையை நிர்வாகக் குழுவினர் தம் சொந்தக் கையிலிருந்து பைத்துல்மாலில் செலுத்தியுள்ளோம். அதைக் கொண்டு அந்தச் சகோதரியின் வளையல்களை மீட்கும் பணி தொடங்கப்பட்டுள்ளது. குறைவதை வட்டியில்லாக் கடனாகப் பைத்துல்மால் வழங்கும்.

பணம் இழந்தவர்கள் தயங்காமல் செயலாளரைத் தனியே சந்திக்கலாம். பெயர் வெளியே வராது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யவும், காவல்துறையில் மனு எழுதவும் நம் இளைஞர்கள் உதவுவார்கள். பிறரைச் சேர்த்துவிட்டு இப்போது வருந்துபவர்களும் வரலாம். அவர்களைக் குற்றவாளிகளாக நாம் பார்க்கவில்லை. சேர்த்தவரையும் சேர்ந்தவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, இயன்றதைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, மீதியை மன்னிக்கச் சொல்வதும் ஜமாஅத்தின் வேலைதான். அந்த நாத்தனாரும் சகோதரியும் மீண்டும் பேசிக்கொள்ளும் நாளை எதிர்பார்த்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

குறைந்த வருமானமானாலும் பரக்கத் நிறைந்த ஹலாலான சம்பாத்தியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.