சுவாலை இல்லை, சூடு உண்டு

புதுக்கோட்டையிலிருந்து பிளம்பிங், ஏசி வேலைக்கு வளைகுடா போகிறவர்களுக்காகவே இதை நாங்கள் பேசுகிறோம். செம்புக் குழாய்க்கு மின்சார சால்டரிங் இடுக்கி வந்ததும், சுவாலை இல்லையே என்று பயம் விட்டுப்போகிறது. ஆனால் அதன் கரி முனைகள் சிவக்கச் சிவக்கச் சூடாகும். செம்பும் சூட்டைக் கடத்தும். பற்றவைப்பது இங்கே, கை சுடுவது ஒரு முழம் தள்ளி.

குழாயில் தண்ணீர் நின்றால் பற்று பிடிக்காது. இருபுறமும் அடைத்திருந்தால் நீராவி பீறிட்டு முகத்தில் அடிக்கும். வடித்துவிட்டு ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். ஏசி குழாயென்றால் உள்ளிருக்கும் வாயுவை முறைப்படி எடுக்காமல் தொடவே கூடாது. ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பிடிப்பவை.

இன்னொன்று, கம்பியில் 60/40 என்றிருந்தால் 40 பங்கு ஈயம். குடிநீர்க் குழாய்க்கு அது வேண்டாம், பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.

வேலை முடிந்து அரை மணி கழித்து, பக்கத்துச் சாக்கும் மரச்சட்டமும் கனிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.