பள்ளிச் சேர்க்கைக் குலுக்கல்: அதுவும் ஓர் அமானிதமே

(குருபரப்பள்ளியில் நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சிப்காட் ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்பது சட்டம். கேட்பவர்கள் அதிகமாகவும் இடங்கள் குறைவாகவும் இருந்தால் குலுக்கல் போடுகிறார்கள். அந்தக் குலுக்கல் நேர்மையாக நடக்க அரசு, பள்ளி, நாம் ஆகிய மூவரும் என்ன செய்யவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். "குலுக்கல் என்றால் லாட்டரி, லாட்டரி ஹராம், அதில் எப்படிப் பிள்ளையைச் சேர்ப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். 2003-ல் தமிழக அரசு தடை செய்த லாட்டரிச் சீட்டு வேறு, இது வேறு. அதில் காசு போட்டு அடுத்தவர் காசை எடுக்கிறோம், அது சூதாட்டம். இதில் யாரும் எதையும் பணயம் வைப்பதில்லை. எல்லோருக்கும் சமமான உரிமை இருக்கிறது, பொருளோ எல்லோருக்கும் போதவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மனக்கசப்பில்லாமல் தீர்வு காண்பதற்குச் சீட்டுப் போடுவது நமக்குப் புதிதல்ல. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததைக் குர்ஆன் சொல்கிறது. பயணத்தில் எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் சீட்டுப் போட்டதை ஹதீஸில் படிக்கிறோம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-வது பிரிவுதான் இந்த 25 சதவீதத்தைச் சொல்கிறது. எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு 8-ம் வகுப்பு முடியும் வரை பள்ளி கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்தச் செலவை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் 13-வது பிரிவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது அது. அப்பா என்ன படித்தார், அம்மாவுக்கு ஆங்கிலம் வருமா, வீட்டில் உருதுவா தமிழா என்று கேட்டு இடம் தரவோ மறுக்கவோ முடியாது. ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையை எடுப்பதென்றால் குலுக்கல் போன்ற, யார் விருப்பமும் கலக்காத முறையில்தான் எடுக்கவேண்டும். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம்.

யார் விண்ணப்பிக்கலாம்? தமிழ்நாட்டில் இரண்டு வகை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவாக உள்ளவர்கள் நலிவடைந்த பிரிவினர். மாதம் 17,000 ரூபாய் சம்பளம் என்றாலே ஆண்டுக்கு 2,04,000 ஆகிவிடும். ஆகவே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். இரண்டாவது வகை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் இதில் வருகிறார்கள். இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ்தான் முக்கியம். அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகளே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழில் வெறுமனே "முஸ்லிம்" என்று எழுதி வாங்கினால் பயன் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. அக்கம்பக்கத்தில் எத்தீம் பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கு இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முதலிடம். அதனால் முகவரிச் சான்று முக்கியம். அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே குடிவந்தவர்களின் ஆதாரில் இன்னும் கர்நாடக முகவரியே இருக்கும். அதை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

இப்போது நேர்மைக்கு வருவோம். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.யில் 40 இடங்கள். அதில் 25 சதவீதம் என்றால் 10. தகுதியுள்ள விண்ணப்பங்கள் 25. ஒவ்வொரு பிள்ளைக்கும் நூற்றுக்கு 40 வாய்ப்பு. இரண்டு பெயர்கள் சிபாரிசில் முன்பே உள்ளே போய்விட்டன என்று வையுங்கள். மீதி 23 பிள்ளைகளுக்கு 8 இடங்கள். வாய்ப்பு 35-க்கு வந்துவிடுகிறது. அந்த 23 வீடுகளுக்கும் தங்கள் பங்கில் கொஞ்சம் பறிபோனது தெரியவே தெரியாது. சிபாரிசு யாரையும் அடிப்பதில்லை, யாருடைய பையிலும் கை விடுவதில்லை. ஆனாலும் அது பிறர் ஹக்கை எடுப்பதுதான்.

இந்தச் சிபாரிசு நோய் மேலிடத்திலும் இருந்தது. கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்கு 10 பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்று இருந்தது. 2022 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். டெல்லி அரசு தனியார் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகளுக்கான குலுக்கலைப் பள்ளிகளிடமிருந்து எடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணினியில் நடத்துகிறது. அதில் பள்ளியின் கை புகாது.  நம் மாநிலத்தில் ஆன்லைனில் விண்ணப்பம், பள்ளியிலேயே பெற்றோர் முன்னிலையில் குலுக்கல். நாம் போய் உட்கார்ந்தால்தான் இந்த முறைக்கு அர்த்தம்.

ஆகவே குலுக்கல் நாளன்று ஒரு வேளை லீவு போட்டாவது போங்கள். தகுதியானவர்கள் பட்டியலும், நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலும், நிராகரித்த காரணமும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். மொத்தம் எத்தனை இடம், அதில் 25 சதவீதம் எத்தனை என்று கேளுங்கள். பட்டியலில் எத்தனை பெயரோ அத்தனை சீட்டு பெட்டிக்குள் போகிறதா என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். காத்திருப்புப் பட்டியலை எழுதி ஒட்டும்வரை எழுந்திருக்காதீர்கள். குறை இருந்தால் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று அதே சட்டத்தின் 32-வது பிரிவு சொல்கிறது. சண்டை வேண்டாம், பணிவாகக் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

குலுக்கல் சரியாக நடந்தாலே போதுமா? போதாது. 2025-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். வழக்கமாக ஏப்ரலில் திறக்கும் விண்ணப்பம் அந்த ஆண்டு திறக்கவில்லை. சமக்ர சிக்ஷா நிதி வரவில்லை என்றது மாநில அரசு. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதுவும் ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கே. அப்படியானால் ஜூனிலேயே கட்டணம் கட்டிச் சேர்க்க முடிந்தவருக்கு வாய்ப்பு வந்தது. கட்டமுடியாமல் காத்திருந்தவருக்குச் சீட்டே இல்லை. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவரே வெளியே நின்றார். பெட்டிக்குள் எந்தப் பெயர்கள் போகின்றன என்பது, பெட்டியிலிருந்து எந்தப் பெயர் வருகிறது என்பதைவிடப் பெரிய கேள்வி.

அடுத்து, நம் வீட்டைப் பற்றியும் பேசவேண்டும். 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அது சரிதானா என்று மறுபடி ஆராயவேண்டும் என 2025 செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும். நம் சமுதாயப் பள்ளிகளில் ஜகாத்தாலும் ஸதகாவாலும் தரும் இலவச இடங்களையாவது பட்டியல் ஒட்டி, எல்லோர் முன்னிலையிலும் குலுக்கிக் கொடுக்கலாமே? சட்டம் கேட்காவிட்டாலும் மறுமையில் கேள்வி உண்டு. முதவல்லியின் உறவுப் பிள்ளைக்கும் ஆட்டோ ஓட்டுபவரின் பிள்ளைக்கும் பெட்டியில் ஒரே அளவு சீட்டுத்தான் இருக்கவேண்டும்.

சிபாரிசுக் கடிதம் கேட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிதம் தரமாட்டோம்; கோபித்துக்கொள்ளாதீர்கள். சான்றிதழ் வாங்கவும், விண்ணப்பம் போடவும், குலுக்கல் நாளில் உடன் வரவும் ஆள் தருவோம். வேலையை இழக்காமல் வரமுடியாத பெற்றோர் முன்கூட்டிச் சொன்னால், நம் தொண்டர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு நடந்ததைச் சொல்வார்.

சீட்டு விழாத பெற்றோருக்கும் சொல்கிறேன். இது உங்கள் பிள்ளையின் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு அல்ல. அரசுப் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சீட்டு விழுந்தவர்களும் 8-ம் வகுப்புக்குப் பின் கட்டணம் வரும் என்பதை இன்றே நினைவில் வையுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. பிறர் பிள்ளையின் பங்கைத் தொடாத மனதை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.