புறம்போக்கு என்னும் நல்ல சொல்



நம் வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கிறார்கள். அதில் வரும் ‘கே.ஜி.’ என்பது கிண்டர்கார்டன் என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள். ‘கார்டன்’ என்றால் தோட்டம். 1840இல் ஃபிரெடரிக் ஃபுரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளர் தம் பள்ளிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். செடியைப் பேணுவதுபோல் குழந்தையைப் பேண வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தச் சொல் இன்று உலகெங்கும் மதிப்போடு வாழ்கிறது.

அதைப்போலவே இரு சொற்கள் சேர்ந்து பிறந்த தமிழ்ச்சொல் ஒன்று நம்மிடையே மதிப்பிழந்து கிடக்கிறது. அதுதான் ‘புறம்போக்கு’. புறம் என்றால் வெளியே. வரிக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம் புறம்போக்கு. பயனற்றது என்றா விட்டார்கள்? கண்மாய், வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு எல்லாம் புறம்போக்குதான். இவை இல்லாமல் ஓர் ஊர் பிழைக்குமா? ஊராருக்கெல்லாம் வேண்டியவை என்பதால்தான் தனியொருவர் பெயருக்கு எழுதாமல் விட்டுவைத்தார்கள். நம் ஊர்ப் பெயரான நத்தமும் நிலக்கணக்கில் உள்ள சொல்லே. மக்கள் குடியிருக்கும் இடம் என்று அதற்குப் பொருள். நத்தத்தில் வீடு கட்டி, புறம்போக்கில் மாடு மேய்த்து, கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? எல்லாருக்கும் உரியதை, கேட்பாரற்றது என்று எண்ணிக்கொண்டோம். கண்மாயில் குப்பை கொட்டுகிறோம். கரையை வளைத்து வேலி போடுகிறோம். போதாதென்று, அந்தச் சொல்லையே வசையாக்கி, வீடு வாசல் இல்லாத மனிதர்மேல் வீசுகிறோம்.

அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடச் சொல்கிறார் ஆண்டவர் (லேவியர் 19). அப்படி விடப்பட்ட கதிர்களைப் பொறுக்கிப் பிழைத்த அந்நியப் பெண் ரூத்து. அவருடைய வழிமரபில்தான் தாவீதும், பின்னர் நம் ஆண்டவரும் தோன்றினார்கள். அந்த ஆண்டவரும் நகர வாயிலுக்கு வெளியேதான் துன்புற்றார் (எபிரேயர் 13:12). புறத்தே தள்ளப்பட்டவர் எல்லாருக்கும் மீட்பரானார்.

எனவே, அன்பர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்கள் செய்வோம். நம் வீட்டில் யார் வாயிலிருந்தும் அந்தச் சொல் வசையாக வராமல் பார்த்துக்கொள்வோம். நம் தெருவுக்கு அருகிலுள்ள கண்மாயையோ வாய்க்காலையோ ஒருமுறை சென்று பார்த்து, அதில் நம் பங்குக் குப்பை கிடந்தால் அள்ளுவோம்.

எல்லாருக்கும் தந்தையான இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.