துப்பாக்கிக் கட்டையும் மனித உடம்பின் அளவும்



துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் இரும்பைப் பற்றியே பேசுவர். குழலின் நீளம் என்ன, குண்டின் எடை என்ன, அது எத்தனை கஜம் பாயும் என்பனவே அவர்களுடைய வினாக்கள். அக்குழலைத் தாங்கி நிற்கும் மரக் கட்டையைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் சுடுபவனின் தோள், கன்னம், இரு கைகள் ஆகியவற்றில் பொருந்துவது அந்த மரந்தான். இரும்பு எத்துணைச் செம்மையாக இருப்பினும், இந்த நான்கு இடங்களிலும் மரம் இசையாவிடில் குண்டு குறியிற் சென்று சேர்வது அரிது. கதவுத் தாழைப் போல முன்னும் பின்னும் தள்ளி இயக்கும் தாழ்முறை வேட்டை ரைபிளுக்கு, ஒருவருடைய உடம்பை அளவெடுத்துக் கட்டை செய்யும் முறையைப் பற்றியே இன்று சிறிது கூற விரும்புகிறோம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது நன்றே. எனினும் ஒரு கைத்தொழில் என்ற முறையில் இப்பொருள் அறியத் தக்கது. நம் நாட்டுக்கு அது எவ்வகையில் இன்றும் உறவுடையது என்பதையும் இறுதியில் காண்போம்.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்கு இப்பொருளில் முதலில் வியப்பளித்தவை சொற்களே. ஆங்கிலேயர் இக்கட்டையின் பகுதிகளுக்கு இட்ட பெயர்களுட் பல மனித உடம்பின் பெயர்கள். கை பற்றும் ஒடுங்கிய இடம் மணிக்கட்டு. தோளிற் பதியும் பின்முனையின் மேல்மூலை குதிகால், கீழ்மூலை கால்விரல். பக்கவாட்டில் புடைத்திருக்கும் பகுதிக்குக் கன்னத்தின் பெயர். கன்னம் படியும் மேல்விளிம்பின் பெயரை மட்டும் அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் 'சீப்பு' என்று வந்து நகைப்புக்கு இடமாகும்! அதனை நாம் கன்னவிளிம்பு என்றே வழங்குவோம். உடம்புக்கு இசையவே இம்மரம் செதுக்கப்படுகிறது என்பதற்கு இப்பெயர்களே தக்க சான்று.

முதலாவது, நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள தூரமே இது. நடுத்தர உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 13½ அங்குலம் பொருந்தும். இது மிகுந்துவிட்டால், விரைந்து தோளுக்கு உயர்த்தும்போது பின்முனை சட்டையிற் சிக்கிக்கொள்ளும். குறைந்துவிட்டால், வெடியின் பின்னுதைப்பில் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழிப்பதும் உண்டு. குளிர்நாட்டில் தடித்த கம்பளி அங்கி அணிவோருக்கு அரை அங்குலம் வரை குறைத்துச் செய்வதும் உண்டு. தையற்காரர் அளவெடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

இரண்டாவது, தாழ்வு. குழலின் நேர்கோட்டிலிருந்து கன்னவிளிம்பும் குதியும் எவ்வளவு இறங்கியுள்ளன என்பதே தாழ்வு. முற்காலத்து ரைபிள்களில் குறிபார்க்கும் இரும்பு முனைகள் குழலை ஒட்டியே இருந்தன. ஆகவே கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தது. கட்டையும் நன்கு வளைந்து இறங்கியது. பின்னர், குழலுக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை அங்குல உயரத்தில் தொலைநோக்கி அமர்ந்தபோது கண்ணும் உயர வேண்டியதாயிற்று. பழைய கட்டையில் தொலைநோக்கியை மட்டும் பொருத்தியவன் கன்னத்தை எடுத்துவிட்டு மோவாயை ஊன்ற நேர்ந்தது. ஊன்றுகோலின்றி மிதக்கும் தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்; குண்டும் அவ்வாறே செல்லும். ஆதலால் இக்காலக் கட்டைகளில் கன்னவிளிம்பு அரை முதல் முக்கால் அங்குலமும், குதி முக்கால் முதல் ஓர் அங்குலமும் இறங்கினாற் போதும் என்று கொள்வர்.

நேரான கட்டையினால் மற்றொரு நன்மையும் உண்டு. குதி மிகத் தாழ்ந்திருந்தால் பின்னுதைப்பு குழல்வாயை மேலே தூக்கிக் கன்னத்தில் அறையும். குதி உயர்ந்திருந்தால் அவ்விசை நேரே தோளுக்குள் இறங்கும். அறை வாங்கிய கன்னம் அடுத்த முறை விசையை இழுக்குமுன்பே சுளிக்கும். அச்சுளிப்பிலேயே குறி தவறும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. ஜெர்மனியின் 1898-ஆம் ஆண்டு மௌசர் ரைபிளும், அமெரிக்காவின் 1903-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளும் போர்வீரருக்கென எழுந்தவை. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே அளவிற் செய்த கட்டை, ஊருக்கெல்லாம் ஒரே செருப்புத் தைத்ததை ஒக்கும். குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தமக்கேற்ப மாற்றியமைத்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்றை 1909-இல் ஆப்பிரிக்கப் பயணத்திற்கு எடுத்துச் சென்றார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைப் படித்த நியூயார்க் தச்சர் ஒருவர், மேசை நாற்காலி செய்து பழகிய கையால் ரைபிளுக்குக் கட்டை செதுக்கத் தொடங்கினார். அவர் பெயர் சீமூர் கிரிஃபின். 1923-இல் அவர் ஜேம்ஸ் ஹோ என்பவருடன் தொடங்கிய பட்டறை இத்தொழிலுக்கே இலக்கணம் வகுத்ததெனலாம்.

அடுத்து, மரத்தைக் காண்போம். இதற்கு அக்ரூட் மரமே தலைசிறந்தது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் விளையும் அக்ரூட்டும் ஐரோப்பிய அக்ரூட்டும் ஒரே இனத்தவை. வீணைக்குப் பலாவைத் தேர்வது போல இதனையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கட்டுப் பகுதியே கட்டையில் மிக மெலிந்தது. பின்னுதைப்பின் வேகமோ அவ்வழியே பாய்கிறது. ஆகவே அவ்விடத்தில் மரத்தின் நார் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். கண்ணைக் கவரும் அலைகளும் சுழிகளும் பின்பகுதியில் மட்டும் இருக்கலாம். மரத்தைப் பல ஆண்டு உலரவிடுவதும் இன்றியமையாதது. ஈரம் தங்கிய கட்டை மழையில் பருத்து முறுக்கிக் குழலைத் தள்ளினால், நேற்றுச் சரியாக இருந்த குறி இன்று பிழைபடும். இதற்கஞ்சியே தச்சர் இரும்பில் மெல்லிய கரிப்பூச்சு இட்டு, மரத்தில் வைத்தெடுத்து, கறை படிந்த இடத்தை மட்டும் சுரண்டி, இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை செய்து இரண்டையும் இசைவிக்கிறார். இன்று கண்ணாடி இழையாலும் கரி இழையாலும் ஆன, ஈரத்திற்கு அசையாத கட்டைகள் வந்துவிட்டன. பொருள் மாறியும் மேற்கூறிய அளவுகள் மாறவில்லை.

இனி, அழகு. இதில் அமெரிக்காவில் இரு கட்சிகள் உண்டு. 1945-இல் கலிபோர்னியாவில் தொழில் தொடங்கிய ராய் வெதர்பி என்பவரின் கட்டைகள் பளபளக்கும் பூச்சும், முதுகு உயர்ந்த கன்னவிளிம்பும், வெண்ணிறக் கோடுகளும் உடையவை. ஸ்போகேன் நகரத்து ஆல் பீசன், ஜாக் ஓ'கானர் என்னும் எழுத்தாளருக்குச் செய்தளித்த கட்டைகளோ எண்ணெய் மெருகும் நேரிய விளிம்பும் அடக்கமான கோடுகளும் உடையவை. எது அழகு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நமக்குத் தோன்றும் நியாயம் இதுவே: ஒவ்வொரு கோட்டையும் நிறுத்தி, நீ எதற்கு வந்தாய் என்று வினவ வேண்டும். வெதர்பியின் கன்னவிளிம்பு முன்னோக்கிச் சரிவது, பின்னுதைப்பின்போது மரம் கன்னத்தை விட்டு விலகுவதற்காகவே. அதற்கு விடை உண்டு, அது நிற்கலாம். கைப்பிடியிற் கீறிய சாய்சதுரக் கோடுகள் வியர்த்த கை வழுக்காமைக்காக வந்தவை. அங்குலத்திற்கு இருபதிலிருந்து இருபத்தாறு கோடுகள் வரை இடுவர். அதற்கும் மேலே நெருக்கினால் பார்வைக்கு மென்மை கூடும், பிடிப்புக் குறையும். அவ்வெல்லை கடந்த கோடு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. வெண்கோட்டுக்கு விடையே இல்லை. அது விருப்பம் ஒன்றையே சார்ந்தது.

இத்துணை நுணுக்கமும் எதற்கு என்று கேட்கலாம். குமாவோன் மலைகளிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. சம்பாவத் பெண்புலியை 1907-இல் வீழ்த்தியவர் ஜிம் கார்பெட். அவருடைய கணக்குப்படி அப்புலி கொன்ற மனிதர் 436 பேர். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்துக் கோரைப் பற்களுள் மேற்பல் பாதியும், கீழ்ப்பல் எலும்பு வரையும் உடைந்திருந்தன. என்றோ பட்ட துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணமென்றும், இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதாலேயே அது மனிதரை நாடிற்றென்றும் கார்பெட் எழுதினார். அக்குண்டு பிசகியதற்குக் கட்டையே காரணம் என்று நாம் வாதிடவில்லை. சில அங்குலம் பிசகிய ஒரு குண்டு எத்தனை குடும்பங்களை அழவைக்கும் என்பதையே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். விலங்குக்கு நேரும் நெடிய வேதனையோ கணக்கில் அடங்காது. உயிர்மேல் ஆயுதம் எடுப்பவன் குறி பிசகாமைக்கு வேண்டிய அனைத்தையும் முன்னதாகவே செய்துகொள்வது அவனது கடமை. கட்டையின் அளவு அக்கடமையின் முதற்படி. அச்செயலுக்காகக் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது, மௌசர் இயக்கமுடைய ரிக்பி ரைபிள். அவர் பெயர் பொறித்த வெள்ளித் தகடும் இரும்பில் இடம் பெறாமல் கட்டையிலேதான் பதிக்கப்பட்டது.

இன்று நம் இளைஞர் துப்பாக்கி ஏந்துவது விளையாட்டு மைதானங்களிலே. 2008-இல் பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்திரா காற்று ரைபிளில் தங்கம் வென்றார். அவ்விளையாட்டின் ரைபிள்களில் கன்னத்தாங்கியையும் தோள்முனையையும் திருகாணியால் ஏற்றி இறக்கி உடம்புக்கு இசைவித்துக்கொள்ளலாம். பழைய தச்சர் உளியால் ஒருமுறை தேடி நிலைநிறுத்திய அளவை இன்றைய வீரர் திருகாணியால் நாள்தோறும் தேடுகிறார். பழகத் தொடங்கும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது, தலையை அசைக்காமலே குறி நேராகத் தெரிந்தால் கட்டை உங்களுடையது. தெரியாவிடில், உடம்பைக் கட்டைக்கு வளைக்காதீர்கள். கட்டையை உடம்புக்குத் திருத்துங்கள்.